வாலஸுக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

பண்பாடு, பயணம், அறிவியல் என்று மூன்றையும் எழுதிக்கொண்டு, எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளம் வாங்காமல், ஒருவர் ஆயுள் முழுக்கக் குடும்பம் நடத்த முடியுமா? ஃப்ரீலான்ஸாக எழுதுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. ஆனால் எவ்வளவு வந்தது, எதில் வந்தது, எதில் போனது என்று யாரும் வாய்திறந்து சொல்வதில்லை, அதனால் பதில் எப்போதும் யூகமாகவே நின்றுவிடுகிறது. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சொல்லிவிட்டுப் போனார். 1905-இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு வெளியிட்ட தன்வரலாற்றில், எந்தப் புத்தகம் எத்தனை பிரதி அச்சானது, எது விற்காமல் கிடந்தது, எந்த முதலீட்டில் பணம் மூழ்கியது என்பதையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்.

டார்வினைப் போலவே, சூழலுக்குப் பொருந்தியவை தப்பிப் பெருகுவதால்தான் புதிய உயிரினங்கள் தோன்றுகின்றன என்ற இயற்கைத் தேர்வுக் கோட்பாட்டைத் தனியாகக் கண்டடைந்தவர் என்றுதான் வாலஸை வழக்கமாக அறிமுகப்படுத்துவார்கள். டார்வினுக்குக் கிடைத்த பெயர் இவருக்குக் கிடைக்கவில்லையே என்ற வருத்தத்தோடு கதை முடிந்துவிடும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவருடைய வரவு செலவு. டார்வினுக்குக் குடும்பச் சொத்து இருந்தது. டார்வினின் நண்பர்களில் தாவரவியலாளர் ஹூக்கருக்குக் கியூ தாவரவியல் தோட்டம் இருந்தது, விலங்கியலாளர் ஹக்ஸ்லிக்கு ஆசிரியர் பணி இருந்தது. வாலஸுக்கு இதில் எதுவும் இல்லை. அவர் ஏன் அந்தந்த இடத்துக்குப் போனார், ஏன் அவ்வளவு எழுதினார், ஏன் அப்படி எழுதினார் என்பதற்கெல்லாம் பாதி விடை பணத்தில்தான் இருக்கிறது.

1823 ஜனவரி 8 அன்று வேல்ஸின் எல்லைப் பகுதியில், அஸ்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் எட்டாவது. அப்பா சட்டம் படித்தவர், ஆனால் வக்கீல் தொழில் பார்க்கவில்லை, இருந்த பணத்தையும் தவறான இடங்களில் போட்டுத் தொலைத்தார். பதினான்கு வயதுக்குள் பையனின் பள்ளிப் படிப்பு நின்றது. அண்ணன் வில்லியமோடு சேர்ந்து நில அளவை வேலைக்குப் போனார், சங்கிலி பிடித்து வயல்வெளியில் நடந்து வரைபடம் போட்டார். பின்னாளில் அவர் எழுதிய எதைப் படித்தாலும் இந்த அளவைக்காரர் தெரிவார். தூரம், திசை, உயரம், எந்தக் கரையில் எது இருந்தது, எந்தக் கரையில் இல்லை, எல்லாம் முதல் பார்வையிலேயே குறித்துவிடுவார்.

1844-இல் லெஸ்டர் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கொஞ்ச நாளில் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்ற வண்டுப் பைத்தியத்தைச் சந்தித்தார். அதுவரை செடிகொடிகளில் மட்டும் இருந்த ஆர்வம் பூச்சிகளுக்கும் பரவியது. அப்புறம் இங்கிலாந்தில் ரயில் பாதை போடும் வெறி பிடித்த காலம் வந்தது, அளவைக்காரர்களுக்கு நல்ல கூலி, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. 1848-இல் இருவரும் அமேசானுக்குக் கப்பல் ஏறினார்கள். யாரும் அனுப்பவில்லை, யாரும் செலவு கொடுக்கவில்லை. பிடிப்பதை விற்றுப் பயணச் செலவைப் பார்த்துக்கொள்வது, மீதியை வைத்து உயிரினங்கள் எப்படித் தோன்றின என்ற கேள்வியை ஆராய்வது, அதுதான் திட்டம்.

அந்த வியாபாரம் நடந்த விதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதன்மேல்தான் நின்றது. அந்தக் கால இங்கிலாந்தில் வசதியுள்ள வீடுகளில் பூச்சிகளுக்கும் பறவைத் தோல்களுக்கும் தனி அலமாரி இருக்கும். அருங்காட்சியகங்களும் வாங்கும். லண்டனில் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற ஏஜென்ட் கமிஷன் எடுத்துக்கொண்டு இவற்றை விற்றுக் கொடுத்தார். ஸ்டீவன்ஸ் வெறும் தரகர் என்று சொல்லிவிட முடியாது. காட்டில் இருக்கும் ஆளுக்குப் பணம் அனுப்புவார், தேவையான சாமான் அனுப்புவார், வந்த பெட்டிகளை லண்டன் சங்கக் கூட்டங்களில் காட்டுவார், வாலஸ் எழுதும் கடிதங்களிலிருந்து சுவையான பகுதிகளை எடுத்து இயற்கை ஆய்வு இதழ்களில் வெளியிடுவார். அந்தக் கடிதங்கள் அறிவியல் செய்தியாகவும் இருந்தன, அடுத்த பெட்டிக்கு விளம்பரமாகவும் இருந்தன. வாலஸின் எழுத்து வாழ்க்கை உண்மையில் அங்கேதான் தொடங்கியது. ஒரே பயணம் சரக்காகவும் கடிதமாகவும் ஆய்வுக் கட்டுரையாகவும் கடைசியில் புத்தகமாகவும் மாறும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

நாலு வருடம் கழித்து, 1852 ஜூலையில், ஹெலன் என்ற கப்பலில் ஊர் திரும்பினார். ஆகஸ்ட் 6-ஆம் தேதி நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. தகரப் பெட்டி ஒன்றில் பனை மரங்கள், மீன்கள் பற்றிய வரைபடங்களும் சில குறிப்புகளும் மட்டும் அவர் கையில் வந்தன. தனக்கென்று சேர்த்து வைத்திருந்த பூச்சிகளும் பறவைகளும், நாட்குறிப்புகளில் பெரும்பகுதியும், உயிரோடு கொண்டுவந்த குரங்குகளும் கிளிகளும் எரிந்தன. ஒரு கிளி மட்டும் தண்ணீரில் விழுந்து பிழைத்தது, அதைத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டார்கள். பத்து நாள் ஓட்டைப் படகில் தண்ணீர் இறைத்துக்கொண்டே கிடந்த பிறகு வேறொரு கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது. இதற்கு முந்தைய வருடம்தான் உதவிக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் பிரேசிலின் பாரா நகரில் மஞ்சள் காய்ச்சலில் இறந்திருந்தார்.

அவரைக் காப்பாற்றியது ஸ்டீவன்ஸின் முன்யோசனை. வாலஸிடம் கேட்காமலே சரக்குக்குக் காப்பீடு எடுத்து வைத்திருந்தார். அந்தப் பணத்தில் ஏறக்குறைய ஒன்றரை வருடம் லண்டனில் தங்கி இரண்டு புத்தகங்களை 1853-இல் கொண்டுவந்தார். அமேசான் பனைகளைப் பற்றியது ஒன்று: சொந்தச் செலவில் 250 பிரதி, போட்ட பணம் மட்டும் திரும்பியது. அமேசான், ரியோ நெக்ரோ பயணத்தைப் பற்றியது இன்னொன்று: 750 பிரதி, லாபத்தில் பாதி என்று ஒப்பந்தம். 1862-இல் அவர் மறுபடி ஊர் வந்தபோது அதில் ஏறக்குறைய 250 பிரதி விற்காமல் இருந்தது, பங்கு போட லாபமே இல்லை. எழுத்து சோறு போடவில்லை. ஆனால் பெயர் கொடுத்தது. அந்தப் பெயரை வைத்துத்தான் ராயல் புவியியல் சங்கத்தின் சிபாரிசில் சிங்கப்பூர் வரை இலவசக் கப்பல் பயணம் கிடைத்தது. புத்தகத்தின் வருமானம் ராயல்டியாக வராமல் இப்படி அடுத்த வேலைக்கான கதவாக வருவதை எழுத்துத் தொழிலில் இருக்கிற எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் இறங்கினார். இரண்டே மாதத்தில் எழுநூறு வகை வண்டு. பெரும்பாலும் புக்கிட் தீமா பக்கத்தில், ஒரு சதுர மைலுக்கு மிஞ்சாத காட்டுத் துண்டில் கிடைத்தவை. அந்த ஊரின் கடைத்தெருவையும் எழுதியிருக்கிறார். சீனக் கடைக்காரர் கொஞ்சம்தான் விலையைக் குறைப்பார், ஆனால் கிளிங்குகள் தங்களுக்குக் கிடைத்தால் போதும் என்று நினைக்கும் விலையைப் போல இரண்டு மடங்கு சொல்வார்கள் என்று குறிப்பு. கிளிங் என்று அன்று அங்கே அழைக்கப்பட்டவர்கள் தென்னிந்தியர்கள், அவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம் வணிகர்கள் நிறையப் பேர். அவர்களை மேற்கு இந்தியாக்காரர்கள் என்று வாலஸ் எழுதிவிட்டார். வண்டின் ஊரை அவ்வளவு சரியாகக் குறித்தவர் மனிதர்களின் ஊரில் இப்படித் தவறியதைக் கவனிக்காமல் போக முடியவில்லை.

ஊரைக் குறிப்பது என்றேனே, அது சாதாரண விஷயம் இல்லை. அமேசானிலிருந்து வந்ததுமே, 1852 டிசம்பரில், அமேசான் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். பெரிய ஆறுகளின் இந்தக் கரையில் ஒரு வகை, எதிர்க்கரையில் இன்னொரு வகை, ஆனால் அருங்காட்சியகச் சீட்டுகளிலோ எங்கே பிடித்தது என்பது மொட்டையாக எழுதப்பட்டிருக்கிறது என்பது அவர் புகார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதிரிக்கும் தீவின் பெயரைக் குறித்தே கட்டினார். விற்பனைக்கு வேண்டிய சீட்டும் ஆராய்ச்சிக்கு வேண்டிய சீட்டும் ஒன்றாகவே இருந்தது. புதிய வகை கிடைத்தால்தான் நல்ல விலை, புதிய வகை வேண்டுமானால் புதிய தீவுக்குப் போக வேண்டும், அப்படித் தீவு தீவாகப் போனதால்தான் எந்த விலங்கு எங்கே நின்றுவிடுகிறது என்பது கண்ணில் பட்டது. வயிற்றுப்பாடும் கோட்பாடும் ஒரே வழியில் நடந்த அபூர்வமான வாழ்க்கை அது.

1856-இல் அவருக்குப் போக வேண்டியது சுலவேசித் தீவின் மக்காஸர் துறைமுகம். சிங்கப்பூரிலிருந்து நேர்க் கப்பல் கிடைக்கவில்லை. சீன வணிகர் ஒருவருக்குச் சொந்தமான சிறு கப்பலில் பாலித் தீவுக்குப் போய், அங்கிருந்து லொம்போக் போய், பிறகு மக்காஸருக்கு வழி பார்க்க வேண்டியதாயிற்று. நேர்க் கப்பல் கிடைத்திருந்தால் இந்த இரண்டு தீவுகளுக்கும் போயிருக்கவே மாட்டேன், முக்கியமான கண்டுபிடிப்புகளில் சில கைநழுவியிருக்கும் என்று அவரே எழுதுகிறார். பாலியில் ஆசியப் பறவைகள். குறுகலான நீரிணையைத் தாண்டி லொம்போக்கில் இறங்கினால் ஆஸ்திரேலியப் பக்கத்துக் கொக்கட்டூக் கிளிகள். இரண்டு கண்டங்களின் உயிரினங்களைப் பிரிக்கும் வாலஸ் கோடு என்று இன்று பாடப்புத்தகத்தில் இருப்பது அந்த ஒரு பயணத்தில் கண்ணில் பட்டது. அரசு கொடுத்த ஆராய்ச்சிக் கப்பலில், முன்கூட்டியே போட்ட அட்டவணையோடு போயிருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பண்பாட்டை அவர் எழுதும் விதத்துக்கு ஒரு சான்று போதும். லொம்போக் ராஜா மக்கள்தொகை எடுத்த கதையைத் தனி அத்தியாயமாகவே எழுதியிருக்கிறார். ராஜாவுக்கு வரி நெல்லாக வரும், தலைக்கு இவ்வளவு என்று. வருடா வருடம் நெல் குறைந்துகொண்டே போனது. ஒரு ஊரில் காய்ச்சல் என்றார்கள், இன்னொரு ஊரில் விளைச்சல் இல்லை என்றார்கள். ஆனால் வேட்டைக்குப் போகும்போது பார்த்தால் ஊரில் ஜனம் நிறைந்திருக்கிறது, அதிகாரிகளின் கிரிஸ் கத்திப் பிடிகள் மரத்திலிருந்து தந்தத்துக்கும் தங்கத்துக்கும் மாறியிருக்கின்றன. ஜனத்தை எண்ணச் சொன்னால் வரிக்கு ஏற்றபடி எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டிவிடுவார்கள். ராஜா யோசித்தார், வெற்றிலை போடுவதைக்கூட நிறுத்திவிட்டு யோசித்தார். பிறகு எரிமலை உச்சிக்குப் போய் வந்து, மலையின் தெய்வம் தன்னிடம் பேசியதாகச் சொன்னார்: பெரிய நோய் வரப்போகிறது, அதைத் தடுக்கப் பன்னிரண்டு கிரிஸ் கத்தி அடிக்க வேண்டும், அதற்கு ஒவ்வொரு ஊரும் தலைக்கு ஒரு ஊசி அனுப்ப வேண்டும், எண்ணிக்கை தப்பினால் அந்த ஊரில் கத்தி பலிக்காது. உயிர்ப் பயத்தில் எல்லா ஊரும் ஊசியைச் சரியாக எண்ணி அனுப்பின. ராஜா ஊர்வாரியாக எண்ணிக் குறித்துக்கொண்ட பிறகு கத்தியை அடித்தார். அடுத்த வரிக் காலத்தில், உன் ஊர் ஊசி அந்த ஊரைவிட அதிகம், நெல் மட்டும் எப்படிக் குறைந்தது, யார் கொடுக்கவில்லை என்று பார்த்துவிட்டு வா என்று அமைதியாகச் சொல்லி அனுப்பினார்.

இந்தக் கதையில் வாலஸ் எங்கும் குறுக்கே வந்து பாடம் நடத்தவில்லை. ஒரு சிறு தீவின் அரசர் புள்ளிவிவரப் பிரச்சினையை எப்படித் தீர்த்தார் என்பதைத் தான் கேட்டபடி, மரியாதையோடு, சிரிப்பு குறையாமல் சொல்லிவிட்டு நகர்கிறார். அந்தக் காலத்து ஐரோப்பியப் பயணிகள் பலரிடம் இல்லாத குணம் இது. துரியன் பழத்தைப் பற்றியும் அப்படித்தான். அதைத் தின்பதற்காகவே கிழக்கே ஒரு பயணம் வரலாம் என்று எழுதினார். நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிய ஐரோப்பியர் எத்தனையோ பேர்.

சரி, இவ்வளவும் தனி ஆளாகச் செய்தாரா என்றால், கிடையாது. எட்டு வருடத்தில் ஏறக்குறைய 14,000 மைல், 1,25,660 மாதிரிகள், அதில் 83,200 வண்டுகள் மட்டும். போர்னியோ தீவின் சரவாக்கில் சீமுஞ்சோன் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் தங்கியிருந்தபோது அந்தத் தீவின் பழங்குடிகளான டயக் மக்களும் சீனத் தொழிலாளர்களும் கொண்டுவரும் ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு சென்ட் என்று விலை வைத்தார். காடு வெட்டப்பட்டுக் கொண்டிருந்த இடம் என்பதால் வண்டுகள் குவிந்தன, ஒரே நாளில் 76 வகை, அதில் 34 அதுவரை அவர் காணாதவை. சரவாக்கில் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞன் சமையல்காரனாக வந்து, சுடவும் தோலுரிக்கவும் கற்று, படகு நடத்தவும் ஆள் பிடிக்கவும் கைதேர்ந்த துணையானான். 1858 அக்டோபரில் பச்சான் தீவில் இடுப்பில் பறவைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, இங்கே பாருங்கள், என்ன விநோதமான பறவை என்று அலி நீட்டியதுதான் மார்பில் பச்சை மின்ன, தோளிலிருந்து இரண்டிரண்டு வெள்ளை இறகுகள் நீண்டிருக்கும் அந்தப் புதிய சொர்க்கப் பறவை. அதற்கு அறிவியல் பெயராக வந்தது வாலஸின் பெயர். அலியின் பங்கை வாலஸ் மறைக்கவில்லை, எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. ஆனாலும் பெயர் வைக்கும் உரிமை லண்டனில் இருந்தது. சரவாக் ராஜா ஜேம்ஸ் புரூக்கின் விருந்தோம்பல், டச்சுக்காரர்களின் அஞ்சல் கப்பல், துறைமுகத்து வணிகர்களின் கடன், இவை எல்லாம் காலனி ஆட்சி போட்டு வைத்த பாதைகள். சுதந்திர எழுத்தாளரின் சுதந்திரம் அந்தப் பாதைகளின் மேல்தான் நடந்தது.

1858 பிப்ரவரியில், காய்ச்சலில் விட்டு விட்டு நடுங்கிக்கொண்டிருந்த நாட்களில், உணவைவிட மக்கள்தொகை வேகமாகப் பெருகும் என்ற மால்தஸின் கருத்து நினைவுக்கு வர, இயற்கைத் தேர்வு அவருக்குப் பிடிபட்டது. எழுதி டார்வினுக்கு அனுப்பினார். ஜூலை 1 அன்று லண்டனில் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை ஆய்வு அமைப்பில் டார்வினின் குறிப்புகளோடு சேர்த்து அது படிக்கப்பட்டது. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, கேட்கவும் வழியில்லை, கடிதம் போய் வர மாதக் கணக்காகும். இதைத் திருட்டு என்று இன்று கோபப்படுகிறவர்கள் உண்டு. வாலஸ் கோபப்படவில்லை. ஊருக்குத் திரும்பியதும் இந்தப் பெரிய மனிதர்களின் பழக்கமும் உதவியும் எனக்கு உறுதி என்று அம்மாவுக்கு மகிழ்ந்து எழுதினார். பதவியில்லாத ஒருவருக்கு அந்த அறிமுகம் எவ்வளவு பெரிய சொத்து என்பது அந்தக் கடிதத்தில் தெரிகிறது, அவரைப் பாவம் என்று நினைப்பதைவிட அதைப் புரிந்துகொள்வது நல்லது.

1862-இல் திரும்பியபோது நிலைமை உண்மையில் மோசமில்லை. விற்ற பணத்தை ஸ்டீவன்ஸ் முதலீடு செய்து வைத்திருந்தார், வருடத்துக்கு ஏறக்குறைய 300 பவுண்டு வரக்கூடிய அளவுக்கு. தனக்கென்று மூவாயிரம் பறவைத் தோல்களும் இருபதாயிரம் வண்டுகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வைத்திருந்தார். குறிப்பேடுகளை அப்படியே அச்சடித்துச் சூட்டோடு சூடாக விற்றிருக்கலாம். செய்யவில்லை. முதலில் ஆய்வுக் கட்டுரைகளாக எழுதி, வகைகளைச் சரிபார்த்து, அதற்குப் பிறகே பயணப் புத்தகம் என்று காத்திருந்தார். மலாய்த் தீவுக்கூட்டத்தைப் பற்றிய அந்தப் புத்தகம் 1869-இல், ஊர் திரும்பி ஆறு வருடத்துக்கும் மேலே கழித்து, மேக்மில்லன் வெளியீடாக வந்தது. நாள்வரிசையில் எழுதாமல் தீவுத் தொகுதி வரிசையில் எழுதினார், அதனால் மூன்று தடவை போன ஊர் ஒரே இடத்தில், முழுசாக வருகிறது. பயணக் கட்டுரை எழுத வருகிற யாருக்கும் நான் முதலில் காட்டுவது இந்த அமைப்பைத்தான்.

அதே புத்தகத்தில் ஒரு பெரிய இழப்பும் பதிவாகியிருக்கிறது. போன இடத்திலெல்லாம் சொற்பட்டியல் எடுத்திருந்தார், ஏறக்குறைய 57 மொழிகள், அவற்றில் பல மொழிநூலார் அறியாதவை. ஜான் கிராஃபர்ட் என்ற அறிஞர் கேட்டார் என்று எல்லாவற்றையும் கடனாகக் கொடுத்தார். சில மாதம் கழித்துத் திருப்பிக் கேட்டபோது கிராஃபர்ட் வீடு மாறியிருந்தார், 25 பட்டியல்கள் இருந்த நோட்டுகளைக் காணவில்லை. கடைசிவரை கிடைக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் ஆளாக இருந்திருந்தால் படி எடுக்க ஒரு எழுத்தர் இருந்திருப்பார், வைத்துப் பூட்ட ஒரு அலமாரி இருந்திருக்கும்.

1866-இல் திருமணம், பிறகு மூன்று குழந்தைகள், மூத்தவன் சிறு வயதிலேயே இறந்தான். பணம் கரையத் தொடங்கியது. ரயில்வே பங்குகள், ஈயச் சுரங்கங்கள், ஸ்லேட் குவாரிகள் என்று யார் யாரோ சொன்னதைக் கேட்டுப் போட்டதெல்லாம் மூழ்கியது. 1870-இல் பூமி தட்டை என்று வாதாடிய ஜான் ஹாம்ப்டன் என்பவர் 500 பவுண்டு பந்தயம் கட்டினார், நீர்ப்பரப்பின் வளைவை யாராவது நிரூபிக்கட்டும் என்று. அளவைக்காரரான வாலஸுக்கு அது எளிது. ஆறு மைல் நேராக ஓடும் பெட்ஃபோர்டு கால்வாயில் ஒரே உயரத்தில் குறிகள் வைத்து, தொலைநோக்கியில் நடுவிலுள்ள குறி உயர்ந்து தெரிவதைக் காட்டினார். நடுவர் அவருக்குப் பணத்தைக் கொடுத்தார். ஆனால் சட்டப்படி பந்தயப் பணம் செல்லாது என்று பின்னால் ஹாம்ப்டன் அதைத் திரும்பப் பெற்றார், வருடக் கணக்கில் வசைக் கடிதமும் கொலை மிரட்டலும் அனுப்பிக்கொண்டிருந்தார், வழக்குச் செலவு பந்தயப் பணத்தைத் தாண்டியது. பின்னே ஒரு நிறுவனம் இருந்திருந்தால் அதன் வக்கீல் பார்த்துக்கொண்டிருப்பார். இவர் தனியாகத் தாங்கினார்.

வேலைக்கு முயற்சி செய்யாமல் இல்லை. ராயல் புவியியல் சங்கத்தில் உதவிச் செயலர் பதவி பேட்ஸுக்குப் போனது. பெத்னல் கிரீன் அருங்காட்சியகப் பதவி வரவில்லை. எப்பிங் காட்டின் கண்காணிப்பாளர் பதவியும் வரவில்லை. மிச்சமிருந்தது துண்டு வேலைகள். அரசுத் தேர்வு விடைத்தாள் திருத்தினார், பல ஆண்டுகள் திருத்தினார். நிலவியல் அறிஞர் லயல், டார்வின் இருவரின் எழுத்துகளையும் செப்பனிட்டுக் கொடுத்துக் கூலி வாங்கினார். 1872-க்கும் 1876-க்கும் நடுவே சிறு தொகைகளுக்கு 25 கட்டுரைகள் எழுதினார். விலங்குகளின் புவிப் பரவலைப் பற்றிய பெரிய நூலுக்கு 1876-இல் பதிப்பாளரிடம் 500 பவுண்டு அட்வான்ஸ் வாங்கியிருக்காவிட்டால் வீட்டுச் சொத்தில் சிலவற்றை விற்க வேண்டியிருந்திருக்கும். எந்த உயிரினம் எங்கே, ஏன் வாழ்கிறது என்று ஆராயும் உயிர்ப்புவியியல் என்ற துறைக்கே அடித்தளமான நூல் அது, அதை எழுதியவர் கையில் அப்போது இருந்த நிலை இது.

ஓய்வூதியம் கேட்கலாம் என்ற யோசனையை டார்வினிடம் கொண்டுபோனது அரபெல்லா பக்லி. லயலின் செயலராக இருந்தவர், குழந்தைகளுக்கு அறிவியல் எழுதியவர், எழுத்துப் பிழைப்பின் கஷ்டம் தெரிந்தவர். டார்வின் ஹூக்கரைக் கேட்டார். ஹூக்கர் முதலில் மறுத்தார்: ஆவிகளோடு பேசும் கூட்டங்களை வாலஸ் ஆதரிக்கிறார், பந்தயம் கட்டினார், இவருக்கு அரசுப் பணமா என்று. அடுத்த வருடம், 1880-இல், தீவு உயிரினங்களைப் பற்றிய நூல் வந்தது, ஹூக்கருக்கே காணிக்கையாக. ஹூக்கர் மனம் மாறினார், டார்வின் பெரிய பெயர்களிடம் கையெழுத்து வாங்கினார், 1881-இல் பிரதமர் கிளாட்ஸ்டன் வருடத்துக்கு 200 பவுண்டு ஒதுக்கினார். ஐம்பத்தெட்டு வயதை நெருங்கும்போது வாழ்க்கையில் முதல் முறையாக நிரந்தர வருமானம்.

வேலை கிடைக்காததற்கு அவரது வர்க்கத்தை மட்டும் காரணம் சொல்வார்கள், அது பாதிதான் சரி. அவர் வாயை மூடிக்கொள்ளாததும் காரணம். மலாய்த் தீவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், நாம் இன்னும் காட்டுமிராண்டி நிலையில்தான் இருக்கிறோம் என்று இங்கிலாந்தின் சமூக அமைப்பைச் சாடினார். அதைப் படித்துவிட்டு தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் அவரை நிலச் சீர்திருத்த இயக்கத்துக்கு அழைத்தார். நிலத்தை நாட்டுடைமையாக்கும் சங்கத்துக்கு 1881-இல் தலைவரானார். சம்பளம் கொடுக்கும் முதலாளி இல்லாததால் தடுக்கவும் ஆள் இல்லை. அதே சுதந்திரம்தான் அவரை அம்மைத் தடுப்பூசிக்கு எதிராகவும் எழுத வைத்தது. புள்ளிவிவரத்தை வைத்து வாதாடினார், தவறாக வாதாடினார், அந்தத் துண்டறிக்கைகள் நிஜமான தீங்கு செய்யக்கூடியவை. கூட இருந்து படித்துப் பார்த்து, இந்தப் பட்டியல் நிற்காது என்று சொல்லும் ஒரு ஆசிரியரோ துறைத் தோழரோ இல்லாமல் எழுதுவதன் விலை அது. வாலஸை மதிக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

ஓய்வூதியம் வந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. 1886-87-இல் அமெரிக்காவில் பத்து மாதம் சொற்பொழிவுப் பயணம், பாஸ்டனில் தொடங்கி கலிஃபோர்னியா வரை. அந்தச் சொற்பொழிவுகளை வளர்த்து 1889-இல் டார்வினியம் பற்றிய நூலாக்கினார். செவ்வாய்க் கிரகத்தில் கால்வாய் வெட்டிய அறிவாளிகள் இருக்கிறார்கள் என்று வானியலாளர் பெர்சிவல் லோவெல் எழுதியதற்கு 1907-இல், 84 வயதில், ஒரு மறுப்பு நூல் எழுதினார்: அந்தக் குளிரில், அவ்வளவு மெல்லிய காற்றில் தண்ணீர் அப்படி ஓட வழியே இல்லை என்று. 22 நூல்கள், எழுநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள், அதில் நேச்சர் இதழில் மட்டும் 191. இதில் எத்தனை ஆர்வத்தால் எழுதியது, எத்தனை மளிகைக் கடனுக்காக எழுதியது என்று பிரிக்க முடியாது, பிரிக்கத் தேவையும் இல்லை. இரண்டுக்கும் அவர் ஒரே கவனத்தைத்தான் கொடுத்தார் என்பதை அந்தப் பக்கங்களைப் புரட்டினால் பார்க்கலாம். 1913 நவம்பரில் இறந்தார். அந்த வருடம் மட்டும் அவருடைய இரண்டு நூல்கள் வெளிவந்தன, இரண்டும் சமூகச் சீர்திருத்தம் பற்றியவை.